தவிட்டு ஆலையில் குறைந்த ஹெக்ஸேன்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, ராகு காலம் முடிந்த பிறகுதான், நாகநாதன் படியேறி வந்தார்.

தஞ்சாவூரில் காதர் மைதீனின் அலுவலகம் ஒரே அறை. தீ, திருட்டு என்று ஆலைகள் நஷ்டஈடு கேட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி அவரைத்தான் அனுப்பும். உதவிக்கு அம்சம். வேதியியல் படித்தவள், இதுதான் முதல் வேலை.

"ஹெக்ஸேன் திருடு போவுது பாய்," என்றார் நாகநாதன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் தவிட்டெண்ணெய் ஆலை வைத்திருந்தார். தவிட்டிலிருந்து எண்ணெயைக் கரைத்து எடுக்கும் திரவம் ஹெக்ஸேன். பிறகு அதை ஆவியாக்கிப் பிரித்து, குளிரவைத்து, தொட்டிக்கே திருப்புவார்கள். "பெட்ரோல்ல கலந்து விக்கிறான். தொட்டிச் சாவி ஆலையில வேலை பாக்கற வேம்புகிட்ட. போன வருசம் கூலிப் போராட்டத்துல கொடி புடிச்சு முன்னால நின்னவன். ஆபீஸ்ல உக்கார வச்சிருக்கேன். சாயங்காலம் எஸ்.ஐ. வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவாரு."

"எப்பலேர்ந்து குறையுது?"

"நாத்து விட்டதுலேர்ந்து."

"குறையாத நாள் உண்டா?"

"நடுவுல தேருக்கு ஆலையை மூடினப்ப ஒரு சொட்டு குறையல."

"அப்ப காவல் யாரு?"

"வேம்புதான். தனியா."

காதர் மைதீன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. வழியெல்லாம் நாற்றங்கால்கள் வெடித்து, நாற்று பழுத்துக் கிடந்தது. ஆலையின் பின்சுவரை ஒட்டி மட்டும் ஒரு நாற்றங்கால் கரும்பச்சையாக நின்றது.

"யாரோடது?" என்றாள் அம்சம்.

"நம்மளுதுதான். நெலத்தைப் பாத்துக்கற காரியக்காரர் இளையபெருமாள் கைராசி," என்றார் நாகநாதன்.

கேட்டிலேயே பெட்ரோல் போல ஒரு வாடை. காதர் மைதீன் டிரைவரின் பீடியை அணைக்கச் சொன்னார்.

அம்சம் தொட்டியை ஒரு சுற்று சுற்றி ஓடிவந்தாள். "பூட்டு, சீல் எல்லாம் சரியா இருக்கு சார். அடியில ஓட்டை இருக்கும்!"

"ஓட்டைக்குத் தேர்த் திருவிழா தெரியுமா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூடியிருந்த நாளிலும் ஒழுகியிருக்க வேண்டுமே.

ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சர் அருகே போனார்கள். அதிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயைத் தொட்ட அம்சம் கையை உதறினாள்.

"இது வெதுவெதுன்னுதான் இருக்கணும்," என்றார் அவர். "ஆலையை நிறுத்தச் சொல்லு. உடனே."

ஆபீஸில் வேம்பு முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். சட்டைப் பித்தான் ஒன்று அறுந்திருந்தது. காதர் மைதீன் இளையபெருமாளையும் வரச் சொன்னார்.

"திருடனுக்கு வாகான நாள் எது? ஆலை மூடி, ஆளில்லாம, சாவி கையில இருக்கற நாள். அன்னிக்குக் குறையல. ஓடற நாள்லதான் குறையுது. அப்ப யாரும் எடுக்கல, அதுவா போவுது. கண்டென்சருக்குத் தண்ணி பத்தல. ஆவி குளிராம கூரைக் குழா வழியா வெளிய போவுது. காத்தைவிடக் கனம், தரைக்கு எறங்கும். அந்த வாடைதான் கேட்டுல அடிக்குது."

"போர்வெல்ல தண்ணி வத்தலையே," என்றார் நாகநாதன்.

"வத்தல. ஊரே காயறப்ப ஒங்க நாத்து மட்டும் எதைக் குடிச்சு வளந்துச்சு?"

எல்லோரும் இளையபெருமாளைப் பார்த்தார்கள். அவர் துண்டை இறக்கி இடுப்பில் கட்டினார்.

"போர்க் குழாயில பின்சுவருகிட்ட ஒரு வால்வு இருக்குங்க. பாதிதான் திறந்தேன். ஆலைக்குள்ள தண்ணி சும்மாத்தானே சுத்துது? நாத்து காயறதைப் பாத்துட்டு எப்படிங்கய்யா சோறு எறங்கும்?"

"ஒரு பீடி நெருப்பு போதும்," என்றார் காதர் மைதீன். "ஆலை, ஆளுங்க, அந்த நாத்து, எதுவும் மிஞ்சியிருக்காது. கண்டென்சருக்குத் தண்ணியைத் தனியா விடுங்க. கூரைக் குழாயில தப்பற ஆவியை எண்ணெயில கழுவிப் புடிக்கலாம். அம்சம் வரைஞ்சு தருவா. புடிச்சதும் ஒங்க தொட்டிக்குத்தான் வரும். ஊரு மூச்சு விடும்."

நாகநாதன் நாற்காலியில் சாய்ந்து நெடுமூச்சு விட்டார். பிறகு சிரித்தே விட்டார். போனை எடுத்து, எஸ்.ஐ. வர வேண்டாம் என்றார். ஐந்து டீ சொன்னார். அம்சத்துக்கு அப்போதுதான் உள்ளங்கை எரிவது தெரிந்தது, அவளும் சிரித்தாள்.

"போய்யா," என்றார் நாகநாதன் இளையபெருமாளிடம். "நாத்து மேல உள்ள ஆசையில செஞ்சுட்ட. வால்வை மூடு. லாரித் தண்ணி விட்டுக் காப்பாத்திக்கலாம். வேம்பு, நீயும் மனசுல வச்சுக்காத. டீயைக் குடி."

வேம்பு டம்ளரை வாங்கிக்கொண்டான். முகம் தெளிந்திருந்தது.

"குடிக்கிறேன் மொதலாளி," என்றான். "அந்த வால்வைத் திறந்தது நானா இருந்திருந்தா?"