உள்ளிருந்து அடைத்த துளைகள்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: அவள், கட்டிலில் தம்பி, ஏணியோடு வந்த கொத்தனார். மச்சில் யாரும் இல்லை. பூட்டைத் திறந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

ஓட்டுக்கூரைக்கு அடியில் இருந்த அந்த மச்சு காற்றோட்டம் இல்லாமல் புழுங்கி, மழைக்காலம் முழுக்க வியர்த்து, நனைந்த அட்டையின் நாற்றத்தைப் பலகை இடுக்குகள் வழியாகக் கீழே தம்பியின் அறைக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு நெஞ்சு சரியில்லை. இந்தக் காற்றில் இன்னொரு மழைக்குத் தாங்கமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவள், ஆலைச் சட்டையைக்கூட மாற்றாமல் கொத்தனாருக்குப் போன் செய்தாள்.

"புதுசா துளை போட வேண்டியதே இல்லம்மா," மேலிருந்து கத்தினார் அவர். "கட்டினவன் அப்பவே வச்சிருக்கான். ஓரத்துல கீழ நாலு, முகட்டுச் சுவர்ல மேல ஒண்ணு. எவனோ புத்திசாலி துணியத் திணிச்சு வச்சிருக்கான். அதுவும் உள்ளேருந்து."

"கதவு வெளியே பூட்டியிருந்துச்சே?"

"அப்ப ஜன்னல் வழியா குதிச்சிருப்பாரு தொரை."

மச்சில் ஜன்னல் கிடையாது. அவர் அதை யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

கீழ்த்துளைகளிலிருந்து இரண்டு போர்வை, ஒரு திரைச்சீலை, ஒரு தலையணை உறை வந்தன. மேல்துளையில் ஒரு சட்டை. பட்டன்கள் எல்லாம் போட்டபடியே இருந்தன, கழுத்துப் பட்டன், கைப் பட்டன் உட்பட. சட்டைக்குள்ளே பனியன், உடம்பில் இருக்கும் இடத்திலேயே. கொத்தனார் எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்.

பிறகு ஒவ்வொரு துளையிலும் செய்தித்தாள் கீற்று ஒன்றை ஒட்டினார். அது அவர் வழக்கம். கீழே இருப்பவை உள்பக்கம் பறக்கவேண்டும். மேலே இருப்பது வெளிப்பக்கம். சூட்டுக்காற்று முகடு வழியாகத்தான் வெளியேறும்.

ஐந்துமே உள்ளே பறந்தன.

கொத்தனார் ஏணியிலிருந்து இறங்கினார். "காத்து திசை மாறும்மா. நாளைக்கு வந்து பாக்குறேன்." ஏணியை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

வெயில் இறங்கும்போது தம்பியின் இருமல் நின்றுவிட்டிருந்தது.

"நாத்தமே இல்லக்கா."

"நல்லதுதானே."

"மூச்சு விடுறேன், போயிடுது. திரும்பி வரமாட்டேங்குது." சிரிக்கப் பார்த்தான். "பலூன் ஊதுற வேலை இருந்தா சொல்லு."

உதடு நீலமாக இருந்தது. தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. சுவரில் காலண்டர் தாள்கள் மேல்நோக்கி நிமிர்ந்து, பலகை இடுக்குகளைப் பார்த்துத் துடித்துக்கொண்டிருந்தன. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், வருகிறோம் என்றார்கள். அவனை வாசலுக்கு இழுத்துப்போகப் பார்த்தாள். கட்டிலைவிட்டு நகர்த்தவே முடியவில்லை. கைக்குக் கிடைத்த துணிகளை வாரினாள்.

"எங்க தூக்கிட்டுப் போற? துவைக்கவா?"

"ஆமா. பேசாத. மூச்சை மிச்சம் வை."

படியேறினாள். மச்சுக் கதவின் வெளியே பூட்டு திறந்தபடி தொங்கியது. சாவி அவள் பையில் இருந்தது. உள்ளே எரிந்த துணியின் வாடை. கொல்லையிலிருந்து இங்கே இழுத்து வந்திருக்கிறது.

முதல் துளையை அடைத்தாள். கீழே தம்பி இழுத்தான். அரை மூச்சு.

இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

முக்கால் மூச்சு.

மேல்துளை மட்டும் பாக்கி. கை காலி. கொண்டுவந்தவை இரண்டு போர்வை, ஒரு திரைச்சீலை, ஒரு தலையணை உறை.

கொத்தனார் உருவிப்போட்ட அதே கணக்கு என்பது அப்போதுதான் உறைத்தது. பயம் வரவில்லை. வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

காகிதக் கீற்று உள்ளே பறந்தது. அவளை நோக்கி அல்ல. அவளுக்குப் பின்னால், இருட்டை நோக்கி.

தன் ஆலைச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்துவரை பட்டன் போட்டிருந்தது.

கீழே தம்பி இருமினான். கட்டிலில்தான் இருக்கிறான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் மச்சுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. வெளியே யாரோ பூட்டை அழுத்திப் பூட்டினார்கள். பிறகு, பூட்டியாகிவிட்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்கள்.