வளர்ற பிள்ளைக்கு ஒரு சைக்கிள்

சின்ன வயதில் நான் ஒருநாள்கூட என் அளவுக்குச் சட்டை போட்டதில்லை. காரணம், என் அப்பா தையற்காரர்.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை. ஊருக்கெல்லாம் கச்சிதமாகத் தைக்கிறவர், என்னையும் தம்பியையும் கண்டால் மட்டும் டேப்பைத் தளர்த்திப் பிடிப்பார். "வளர்ற பிள்ளைங்க. கொஞ்சம் விட்டுத் தைச்சா தப்பில்லை" என்பார்.

சட்டைக் கை விரல் நுனி வரைக்கும் வரும். முதுகில் காற்று புகுந்து விளையாடும். அந்தச் சட்டை எனக்குச் சரியாக வரும் நாளில் முழங்கை கிழிந்திருக்கும்.

இது சட்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சைக்கிளுக்கும் வந்தது.

அந்த வருடம் எங்கள் பள்ளியில் சைக்கிள் அணி ஆரம்பித்தார்கள். ரேஸ் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் தேர்வுக்கு வரலாம். என் பழைய குட்டிச் சைக்கிள் தம்பிக்குப் போய்விட்டது. தம்பியை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவன் அதை ஓட்டியதைவிட அதிலிருந்து விழுந்ததுதான் அதிகம்.

"பாப்பாவுக்குப் புதுசாவே ஒண்ணு செஞ்சுடலாம்" என்றார் அப்பா. எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஓர் அக்கா சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். மெல்லிய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து ஃபிரேம் கட்டுவார். அவர் கட்டிய ஃபிரேமை வாலுகூட ஒரு கையால் தூக்கிவிடுவான். அவ்வளவு லேசு.

"பொண்ணை அந்த ஸ்டாண்டு மேல உட்காரச் சொல்லுங்கண்ணே. அளவு எடுத்துக்கறேன்" என்றார் பட்டறை அக்கா.

"அளவா?" அப்பா கழுத்திலிருந்த டேப்பை உருவினார். "என்கிட்டயேவா? நான் எடுக்கறேன், நீங்க குறிச்சுக்கங்க."

என்னைச் சுவரோரம் நிறுத்தினார். "நேரா நில்லு. கையைத் தொங்கப் போடு. மூச்சைப் பிடிக்காதே."

நான் அட்டென்ஷனில் நின்றேன். அப்பா கால் அளந்தார், கை அளந்தார், முதுகு அளந்தார். ஒவ்வொரு அளவைச் சொல்லும்போதும், ஒரு நொடி யோசித்து, இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார்.

பட்டறை அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணு இவ்வளவு உயரமாத் தெரியலையே?"

"வளர்ற பிள்ளைம்மா."

"அதுக்கு வளர்ந்தப்புறம் வாங்கலாமே?"

"நான் தைக்காத பிள்ளையா? சரியா வரும்."

அக்கா தோளைக் குலுக்கினார். "உங்க பொண்ணு, உங்க டேப்பு."

என்ன நிறம் என்று மட்டும்தான் என்னைக் கேட்டார்கள். நீலம் என்றேன். சாதாரண நீலம் இல்லை, மழை வரும் முன் வானத்தில் ஒரு நீலம் வருமே, அது.

சைக்கிள் வந்த அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நீலம் அப்படியே அந்த நீலம்தான். வளைந்த ஹேண்டில். ஒல்லிக் குழாய்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் தேனீ மாதிரி ஒரு சத்தம்.

பிறகு ஏறினேன்.

ஏறினேன் என்று சொல்வதே அதிகம். குறுக்குக் கம்பி இடுப்புக்கு வந்தது. வாலு பிடித்துக்கொள்ள, வாசற்படியில் நின்று தாவி ஏறினேன். ஹேண்டில் எங்கேயோ பக்கத்துத் தெருவில் இருந்தது. துணிக்கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி நீண்டு கிடந்தேன்.

"எப்படி இருக்கு?" அப்பாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா இருக்குப்பா" என்றேன். வேறென்ன சொல்வது?

பிரச்சினை பிரேக்கில்தான். என் விரல் நுனி அதைத் தொட்டது. தொட மட்டும்தான் முடிந்தது, பிடிக்க முடியவில்லை. எங்கள் விளையாட்டு டீச்சரோ முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். "வேகமெல்லாம் அப்புறம். விசில் ஊதினதும் யார் நிக்கலையோ, அவங்க அணியில கிடையாது."

தேர்வு சனிக்கிழமை. அன்று செவ்வாய்.

முதலில் அப்பாவிடம் கழுத்து வலிக்கிறது என்றேன். அப்பா ஸ்பானரை எடுத்துச் சீட்டை இறக்கினார். கால் எட்டியது. கை எட்டவில்லை. சீட்டை முன்னால் தள்ளினார். கை கொஞ்சம் எட்டியது. முழங்கால் நோக ஆரம்பித்தது.

மாடி வீட்டு மாமா படி இறங்கி வந்தார். அவர் எதையும் கேட்காமலே பதில் சொல்லுகிறவர். "ஹேண்டிலை இறக்குப்பா! காத்து தடுக்காம ஓடும்" என்றார். இறக்கினோம். எனக்கு முன்சக்கரத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

மறுநாள் அவரே வந்து, "யார் இவ்வளவு இறக்கினது? ஏத்துங்க, ஏத்துங்க" என்றார்.

"நீங்கதானே மாமா..."

"நான் இவ்வளவு சொல்லலை."

ஏற்றினோம். இறக்கினோம். முன்னால் தள்ளினோம். பின்னால் இழுத்தோம். ஒன்று சரியானால் இன்னொன்று கெட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. உள்ளங்கை இரண்டும் மரத்துப் போயிருந்தன.

"அக்கா, நான் ஒரு யோசனை சொல்லட்டுமா?" என்றான் வாலு.

"சொல்லாதே."

"கையைக் கொஞ்சம் இழுத்து நீளமாக்கினா?"

"வாலு, போயிடு."

அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் ஊரின் மறுகோடி வரைக்கும் சைக்கிளில் போய் வருவாள். அது என் சித்தியுடைய பழைய ரேஸ் சைக்கிள். சித்தி கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அதே மாதிரி ஒல்லி எஃகு. ஆனால் பெயிண்ட் பாதிக்கு மேல் உரிந்திருக்கும், சீட் ஏற்ற இறக்க முடியாமல் துருப்பிடித்து இறுகியிருக்கும்.

அம்மா உட்கார்ந்ததும் முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டாள். ஒரு வருடமாக இதே கதைதான்.

"அந்த வார்டு படிக்கட்டு என்னைக் கொன்னுடும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு என்னம்மா மூஞ்சி இப்படி?"

"ஒண்ணுமில்லை" என்றேன். அப்பா பக்கத்தில் இருந்தார்.

மறுநாள் பள்ளி விட்டு நேராக அப்பாவின் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பஸ் டிரைவர் சீருடைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, கையில் ஒரு டின் மூடியைக் கொடுத்திருந்தார்.

"இதுதான் ஸ்டியரிங். ஓட்டுங்க சார்."

டிரைவர் ரொம்ப அக்கறையாக மூடியைத் திருப்பினார். வாலு பின்னால் நின்று, "டிக்கெட், டிக்கெட்! உள்ள தள்ளிப் போங்க!" என்று கத்தினான்.

"எதுக்குய்யா இந்த வேஷமெல்லாம்?" என்றார் டிரைவர்.

அப்பா அவர் முதுகில் டேப்பைப் பிடித்தபடி சொன்னார். "நிக்க வெச்சு அளந்தா, வண்டியில உட்கார்ந்ததும் முதுகு டர்ருனு கிழியும் சார். ஆள் எப்படி வேலை செய்யறாரோ, அப்படி வெச்சுத்தான் அளக்கணும்."

நான் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா."

"இரு பாப்பா, கணக்கு விட்டுப் போயிடும்."

"என்னை எப்படிப்பா அளந்தீங்க?"

"எதுக்கு?"

"சைக்கிளுக்கு. சுவரோரம் நிக்க வெச்சுத்தானே அளந்தீங்க? நான் சைக்கிள் மேல அட்டென்ஷன்லயா நிக்கப் போறேன்?"

டிரைவர் சிரித்த சிரிப்பில் மூடி கீழே விழுந்து உருண்டது. அப்பா சிரிக்கவில்லை. டேப்பைப் பிடித்த கை அப்படியே நின்றது.

டிரைவர் போனதும் அப்பா கடையை அடைத்தார். வீட்டுக்கு வந்து, உயரமான ஸ்டூலைக் கூடத்தின் நடுவில் போட்டார். எதிரே இரண்டு நாற்காலி. அவற்றின் முதுகில் துடைப்பக்கட்டையைக் குறுக்காக வைத்தார்.

"ஏறி உட்காரு. கட்டையைப் பிடி. கை எங்க சுகமா வருதோ, அங்க நிறுத்தச் சொல்லு."

நாற்காலிகளை முன்னும் பின்னும் நகர்த்தினோம். ஓரிடத்தில் வந்ததும் என் தோள் தானாகவே கீழே இறங்கியது. "இங்கப்பா!"

அப்பா தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். ஸ்டூலிலிருந்து கட்டைவரை அளந்தார். அந்த இடத்தில் டேப்பை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வாசலுக்குப் போய் நீலச் சைக்கிளின் மேல் நீட்டினார்.

டேப் முடிந்த இடத்திலிருந்து ஹேண்டில் இன்னும் ஒரு சாண் தள்ளி இருந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். சாண் அங்கேயேதான் இருந்தது.

"உள்ள கொஞ்சம் அதிகமா விட்டுட்டேன்" என்றார் மெதுவாக.

"பிரிச்சுத் தைக்கலாமாப்பா?" என்றான் வாலு.

"துணின்னா ஒரே ராத்திரியில பிடிச்சுத் தந்துடுவேன். இரும்பை எங்கடா பிடிக்கிறது?"

வாலு பட்டறைக்கு ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். "அறுத்துட்டு மறுபடி பத்தவெக்கலாமாம். ஆனா நாளைக்குள்ள முடியாதாம். அப்புறம், நான் அன்னைக்கே சொன்னேன்னு சொல்லச் சொன்னாங்க."

அப்பா டேப்பை வாலுவின் கழுத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் அப்படித் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சைக்கிள்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் அந்தப் பட்டறை அக்காமேல் திரும்பியது. சொன்னது சரிதான். ஆனால் அதைச் சொல்லி அனுப்ப வேண்டுமா?

வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். நாளைக்குத் தேர்வு. எல்லாம் போச்சு.

அப்போது அம்மா வந்தாள்.

தினமும் பார்க்கிறதுதான். அன்றுதான் சரியாகப் பார்த்தேன். அம்மா நல்ல உயரம். சித்தி என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். அம்மா பெடலை மிதிக்க மிதிக்க, முழங்கால் இரண்டும் வெட்டுக்கிளிக் கால் மாதிரி மடங்கி மேலே வந்தன. கிட்டத்தட்ட ஹேண்டிலில் இடித்தன.

படிக்கட்டு இல்லை! வார்டு படிக்கட்டு இல்லவே இல்லை!

அம்மா சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்தாள். நான் வாலுவின் கழுத்தில் கிடந்த டேப்பைப் பிடுங்கினேன். சித்தி சைக்கிளை அளந்தேன். ஓடிப் போய்க் கூடத்துக் கோட்டை அளந்தேன். மறுபடி வந்து அளந்தேன்.

சித்தி சைக்கிள் என் அளவு. அச்சு அசலாக என் அளவு.

சந்தோஷத்தில் குதிக்கத்தான் போனேன். ஆனால் அந்த உரிந்த பெயிண்டைப் பார்த்தேன். என் நீலத்தையும் பார்த்தேன். நாளைக்கு ஒருநாள் மட்டும் கடன் கேட்டால் போதும். அம்மா தருவாள். நீலச் சைக்கிளைத் துடைத்து வைத்து, நான் வளரும்வரை காத்திருக்கலாம்.

அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இதுல ஏறிப் பாரு" என்றேன். நீலச் சைக்கிளைக் காட்டி.

"எனக்கெதுக்கு? உன் புதுச் சைக்கிள்."

"ஏறும்மா. அப்பா, சீட்டை ஏத்துங்க!"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஏற்றினார். அம்மா முனகிக்கொண்டே காலைத் தூக்கிப் போட்டாள். ஒரு மிதி மிதித்தாள். இன்னொன்று மிதித்தாள். பிறகு பேச்சையே காணோம். தெரு முனையில் திரும்பி மறைந்தும் போனாள்.

நெடுநேரம் வரவில்லை.

"அம்மா ஓடிப் போயிட்டாங்களா?" என்றான் வாலு.

வந்தபோது முடியெல்லாம் கலைந்திருந்தது. கன்னம் சிவந்திருந்தது. "குளம் வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்றாள்.

"முட்டி?" என்றேன்.

"எந்த முட்டி?"

அப்பா சைக்கிளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்க அளவு தப்பில்லைப்பா" என்றேன். "ஆள்தான் மாறிப் போச்சு."

அப்பா அன்று முதல்முறையாகச் சிரித்தார். பிறகு வாலுவைக் கூப்பிட்டார். "டேய், பட்டறைக்குப் போய்ச் சொல்லு. சைக்கிள் கச்சிதமா இருக்காம்னு."

சனிக்கிழமை டீச்சர் விசில் ஊதினார். எனக்கு முன்னால் போனவன் வேலிச்செடிக்குள் போய்த்தான் நின்றான். நான் சித்தி சைக்கிளில் கோட்டிலேயே நின்றேன். டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

இதெல்லாம் நடந்து வெகுகாலமாகிறது. அம்மா அந்த நீலச் சைக்கிளைக் கடைசிவரை ஓட்டினாள். அம்மா போன பிறகு அது சுவரோரம் நின்றது. அப்பா அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டிருந்தார். வழக்கம்போல் தொளதொளவென்று.

போன மாதம் ஒருநாள் உறையை எடுத்தேன். தூசி துடைத்தேன், காற்றடித்தேன். சீட்டைச் சரி செய்ய ஸ்பானரும் கையில் வைத்திருந்தேன். ஏறி உட்கார்ந்தேன்.

ஸ்பானருக்கு வேலை வரவில்லை. கால் எட்டியது, கை எட்டியது. தோள் தானாகவே கீழே இறங்கியது.

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். பழக்கத்தில் கை கழுத்துக்குப் போனது. அங்கே டேப் இல்லை.

"பார்த்தியா?" என்றார். "வளர்ற பிள்ளைன்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"