வீரசிங்கம் சாரின் சனிக்கிழமைச் சுற்று

காலையில் தன் கையாலேயே மூலைத் திரையில் திறந்து வைத்த பெயர், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது கேரி தீவில் இருந்தது.

விஜயன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தான். புகைமூட்டம் வந்த நாளிலிருந்து எல்லாருக்குமே கண் எரிச்சல்தான். கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் காடு எரிய, இந்தப் பக்கம் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க விறகடுப்பு வாடை. நடு மதியத்திலேயே விளக்கைப் போட வேண்டியிருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஓடும் ரயில் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் அந்தச் சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து வந்து சாம்பல் நிறத்துக்குள்ளேயே போனது. சனிக்கிழமை அரை நாள் என்பதால் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். லோரி கம்பெனியின் மேல்மாடிக் கணினி அறையில் அவன் மட்டும் இருந்தான்.

கேரி தீவு, மேரு, கிள்ளான் என்று கம்பெனிக்கு மூன்று கிளைகள். கிளைக்கு ஒரு திரை, ஒரு குமாஸ்தா. எல்லாம் டெலிபோன் கம்பி வழியே இந்த அறையின் பெரிய இயந்திரத்துக்கு வந்து சேரும். எந்தத் திரையில் யார் பெயர் திறந்திருக்கிறது என்று இயந்திரத்தைக் கேட்க மூன்றெழுத்தில் ஓர் ஆங்கிலக் கட்டளை உண்டு. 'யார்' என்றுதான் அதற்கு அர்த்தம். கேட்ட கணத்தில் யார் யார் இருந்தார்களோ அதைக் காட்டிவிட்டு அது சும்மா இருந்துவிடும். புதிதாகத் தெரிய வேண்டுமானால் மறுபடி கேட்க வேண்டும். அதற்கு ஓர் எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தினால் போதும். நாள் முழுக்க அதை அழுத்திக்கொண்டிருப்பதுதான் விஜயனின் பிழைப்பு.

இப்போது கேரி தீவு வரியில் அங்குள்ள குமாஸ்தா ரெங்கசாமியின் பெயர் இல்லை. வீரசிங்கம் என்று இருந்தது, மூலைத் திரையின் வரியைக் காணவில்லை.

வீரசிங்கம் சார் இறந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. யாழ்ப்பாணத்து வழி வந்த மனிதர். ரயில்வேயில் ஓய்வு பெற்று இங்கே மேலாளராக வந்து, கிழவயதில் கணினி கற்று, இரண்டே விரலால் தட்டித் தட்டி எல்லாரையும் ஆட்டிப் படைத்தவர். சாவு வீட்டில் அவர் மனைவி குணபூசணி விஜயனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்தியேட்டி முடியுமட்டும் அவற்ற பேரை அதிலயிருந்து எடுக்காதேங்கோ. அவருக்கு அதுதான் உசிர்."

எடுக்காமல் விட்டிருந்தால் போதும். விஜயனுக்கு மனசு கேட்கவில்லை. அவன் வீட்டில் அப்பாவுக்குப் படைக்கும்போது கள்ளும் சுருட்டும் வைப்பார்கள், அவருக்குப் பிடித்தது அது. சாருக்குப் பிடித்தது கோப்பி ஓவும் அந்தத் திரையும். தினமும் காலையில் மூலை மேசையில் பால் விடாத அந்தக் கோப்பியை வைத்து, சாரின் கடவுச்சொல்லைப் போட்டு, அவர் பெயரைத் திறந்து வைத்தான். "என்ன பூசாரி, தீபாராதனை இல்லையா?" என்று ஆபிசில் கிண்டல் செய்தார்கள்.

வியாழக்கிழமை, முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி முடிந்தது. கடற்கரையில் காரியம் செய்து, போய் வாருங்கள் என்று அவரை அனுப்பி வைத்துவிட்டார்கள். அதோடு விஜயனும் நிறுத்தியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் பழகிய கை கோப்பியை வாங்கி வந்து வைத்தது, பெயரைத் திறந்தது. இன்று காலையும் அப்படித்தான். வழியனுப்பியவரைத் திரும்ப அழைத்திருக்கிறோம் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. இப்போது வந்தது.

சனிக்கிழமை சாரின் சுற்று நாள். பழைய டட்சன் காரில் முதலில் கேரி தீவு, பிறகு மேரு, கடைசியாகக் கிள்ளான். போனதும் குமாஸ்தாவை எழுந்திருக்கச் சொல்லி, அவர் நாற்காலியில் தானே உட்கார்ந்து, குமாஸ்தாவின் பெயரை மூடிவிட்டுத் தன் பெயரைத் திறப்பார். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பார். இங்கே பட்டியலிலும் அப்படியே தெரியும்: குமாஸ்தா பெயர் போகும், சார் பெயர் வரும், பிறகு குமாஸ்தா பெயர் திரும்ப வரும்.

ரெங்கசாமிக்குக் குசும்பு அதிகம். அவன் வேலையாகத்தான் இருக்கும் என்று விஜயன் கேரி தீவுக்கு போன் போட்டான். வெகுநேரம் மணி அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"ரெங்கசாமி அண்ணே? வெளையாடாதீங்கலா. சார் பேர ஏன் தொறந்தீங்க?"

தூரத்தில், மர மேசை மேல், விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. இரண்டு விரலால் தட்டும் சத்தம்.

விஜயன் ரிசீவரை வைத்துவிட்டு என்டரை அழுத்தினான். கேரி தீவு வரியே காணாமல் போயிருந்தது. ரெங்கசாமி திரும்ப வரவில்லை. மறுபடி அழுத்தினான். மேரு வரியில் குமாஸ்தா பழனியப்பனின் பெயர் இருந்த இடத்தில் வீரசிங்கம்.

கேரி தீவிலிருந்து மேருவுக்கு இந்தப் புகையில் எந்தக் காரும் அவ்வளவு சீக்கிரம் வராது. விஜயன் எழுந்து போய் முகத்தைக் கழுவினான். தண்ணீரிலும் கரி வாடை. ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்து முழுக்கப் புகைத்தான். திரும்பி வந்து அழுத்தியபோது மேரு வரியும் போயிருந்தது. பழனியப்பனும் இல்லை. அவ்வளவு நேரத்துக்கும் பட்டியல் ஒரே ஓர் அடிதான் நகர்ந்திருந்தது. அவன் கேட்டால்தான் அது நகர்கிறது. கேட்காதபோது நிற்கிறது.

பட்டியலில் அவன் பெயரைத் தவிர இன்னொன்றுதான் மிச்சம். கிள்ளான், தங்கமணி.

தங்கமணி அவன் மனைவி. ஏழு மாதக் கர்ப்பிணி.

கிள்ளானுக்கு போன் போட்டான். எங்கேஜ். மறுபடி போட்டான். எங்கேஜ். வீரசிங்கம் சாரின் பெயரை அடியோடு அழிக்கும் கட்டளையை அடித்தான். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று இயந்திரம் பதில் சொன்னது. ஓடிப்போய் கிள்ளான் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினான். அந்தக் கம்பி வந்து சேரும் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை.

போன் அலறியது.

"என்னங்க, நாந்தான்." தங்கமணியின் குரல். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இங்க ஒரே பொகலா, ரோட்டுல லோரியே தெரியல. ஆபிச மூடிட்டு வரவா?"

"உடனே கெளம்பு. எதையும் எடுக்காத. பஸ் வேணாம், டெக்சி புடி."

"இருங்க. யாரோ ஒரு அங்கிள் உள்ள வராரு." அவள் குரல் தாழ்ந்தது. "பாக்க நம்ம வீரசிங்கம் சார் சாயல்லயே இருக்காருங்க. அவரு தம்பியா?"

பிள்ளைத்தாய்ச்சி என்று அவளைச் சாவு வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. சாரைப் பிணமாக அவள் பார்க்கவே இல்லை.

"தங்கமணி, நாற்காலிய குடுத்துடாத. எந்திரிக்காத. இல்ல, ஓடு. பின்பக்கமா ஓடு!"

"பெரியவரு நிக்கறாருங்க, எப்படி உக்காந்திருக்கறது?" என்று கடிந்துகொண்டாள். ரிசீவரை மேசை மேல் வைக்கும் சத்தம். நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். "உக்காருங்க சார்."

விஜயன் கத்தினான். பெயர் சொல்லிக் கத்தினான். அந்த முனையில் யாரும் எடுக்கவில்லை. பிறகு விசைப்பலகை. ஒன்று. இடைவெளி. இன்னொன்று. இணைப்பு அறுந்தது.

கிள்ளான் வெகுதூரம். இந்தப் புகையில் போய்ச் சேர இருட்டிவிடும். எதிரே திரையில் பழைய பட்டியல் அப்படியே பச்சையாக நின்றது. கிள்ளான், தங்கமணி. அடியில் கேட்பதற்கான எழுத்தை அவன் விரல் எப்போதோ தட்டியிருந்தது. என்டர்தான் பாக்கி.

கேட்காவிட்டால் அவள் பெயர் இருக்கும். கேட்காமல் இருந்துவிடுவோம். ராத்திரி முழுக்க. திங்கட்கிழமை வரை. யார் வந்து கூப்பிட்டாலும் விடுவதில்லை. இதைவிட வேறு எதுவும் அவனால் செய்ய முடியாது. யாரும் தொடாமலிருக்க விரலை அந்த விசையின் மேலேயே வைத்தான். படாமல். பட்டும் படாமல்.

ஏர்கான் நின்றது.

கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. கதவு திறக்கவில்லை, அது நிச்சயம். மாடிப்படியில் யாரும் ஏறவில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் புகை வாடை கனத்தது.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. மெல்ல. முழங்கை வரை கண்ணாடி வளையல்கள், போன வாரம் வளைகாப்பில் அவனே எதிரில் நின்று பார்த்து ரசித்தவை, ஒன்றோடொன்று உரசின. சத்தமே வரவில்லை.

"தங்கமணி?"

அந்தக் கை அவன் கையின் மேல் அமர்ந்தது. ஐஸ். அவள் விரல் அவன் விரலின் மேல் படிந்தது.

அழுத்தியது.

திரை வெறுமையானது. பிறகு பட்டியல் வந்தது. ஒரே வரி. அவன் உட்கார்ந்திருந்த அந்த இடத்தின் வரி. வீரசிங்கம்.

விரல் எடுபடவில்லை. அந்தக் கை அவன் கையைப் பற்றி, உட்கார்ந்திருப்பவரை எழுப்புகிற மாதிரி, மரியாதையாக, மேலே இழுத்தது.