மின்கம்பி பிடுங்கிய கணினி

துனிசியாவின் காபெஸ் நகரில், கடற்கரையோரத்து மருத்துவமனைக்குள் நான் நுழைந்தபோது மதியத் தொழுகை முடிந்திருந்தது. உரத் தொழிற்சாலையின் கந்தக நாற்றம் பதிவு அறை வரை வந்தது. காலையில் எவனோ ஊடுருவி, நோயாளிகளின் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டான். இப்படிப்பட்ட குற்றங்களைத் துப்பறிந்து கோப்புகளை மீட்பதுதான் பத்தொன்பது வருடமாக என் பிழைப்பு.

“தம்பி கஸ்ஸான், யுஸ்ராவோட கோப்பை மட்டும் முதல்ல திறந்து குடுப்பா,” என்றார் தலைமை நர்ஸ் மோஞ்சியா. “ஏழு வயசுப் புள்ள. நாலு மணிக்கு ஊசி. இதுவரைக்கும் எவ்வளவு மருந்து ஏறியிருக்குன்னு தெரியாம போட்டா இதயம் தாங்காது. போடாம விட்டா ரத்தப் புற்று முந்திக்கும்.”

ஒரு கணினியில் பூட்டும் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திறக்கும் சாவி அதன் நினைவகத்தில்தான் இருக்கும், அணைத்தால் அழிந்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் தொழில் கற்ற காலத்தில் பாடம் வேறு: கண்டதும் மின்கம்பியைப் பிடுங்கு, தடயம் கலையாது.

யோசிப்பதற்குள் கை போய்விட்டது.

பிடுங்கிவிட்டேன்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இங்கே சாகப்போவது நானல்ல, ஒரு குழந்தை.

“என்னடா பண்ணினே, பாவி!” என்று மோஞ்சியா தலையில் அடித்துக்கொண்டார்.

தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். மூன்று ஐம்பதுக்குத் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லை.

டக்.

விசைப்பலகை.

யாரும் அதைத் தொடவில்லை.

டக். டக்.

மின்கம்பி தரையில் கிடந்தது. திரை வெளுத்தது. ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பதுபோல எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. கந்தக நாற்றத்தை மீறி மல்லிகை மணத்தது.

“ஹேதி...” என்றார் மோஞ்சியா. “இங்க பதிவு எழுதிக்கிட்டிருந்தவரு. காதுல மல்லிகைச் செண்டு சொருகிக்கிட்டு ஒத்த விரலால தட்டுவாரு. போன மாசம் இதே நாற்காலியிலதான் உயிர் போச்சு.”

எனக்கு ஓடிவிடத்தான் தோன்றியது.

“ஓடாதே. எழுதிக்கோ,” என்று மோஞ்சியா அதட்டினார்.

எழுதினேன். அறுபத்து நான்கு எழுத்துகள், அதுதான் சாவி. வேறொரு கணினியில் அதை இட்டதும் யுஸ்ராவின் கோப்பு திறந்தது.

அந்தக் கணினியை விசைப்பலகையோடு பையில் போட்டு முத்திரை வைத்து, துனிஸிலுள்ள எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். மறுநாள் காலை மோஞ்சியா அழைத்தார்.

“யுஸ்ரா நல்லா இருக்கா. ஆனா அந்தக் காலி மேசையில தட்டுற சத்தம் நிக்கலப்பா. புதுசா வந்த புள்ளைங்க கோப்புல மருந்து அளவு தானா பதிவாகுது.”

முத்திரை வைத்த பையைத் திரும்பிப் பார்த்தேன்.

“அளவு... சரியா இருக்கா?” என்று கேட்டேன்.



“இதுவரைக்கும் சரி,” என்றார்.