நான்கு இழுப்பு

படகிலிருந்த மோராக், மூழ்கியிருந்த தம்பியின் இடுப்போடு கட்டிய கயிற்றைச் சுண்டுவதற்கு முன்பே கீழேயிருந்து பதில் வந்துவிட்டது.

ஒரு இழுப்பு என்றால் 'நலமா?' பதிலுக்கு ஒன்று வந்தால் 'நலம்'. நான்கு என்றால், யார் இழுத்தாலும், 'மேலே'. பதினோரு வருடமாக ஸ்காட்லாந்தின் இந்தக் கடற்கழியில் கடலடிப் பாசிக்காட்டைக் கணக்கெடுக்கிற அக்கா மோராக்குக்கும் தம்பி ரூரிக்கும் இதற்குமேல் பேச்சு தேவைப்பட்டதில்லை. படகில் மூன்று பேர் இல்லாமல் யாரும் மூழ்கக்கூடாது என்பது விதி. மூன்றாவது ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். கணக்கெடுப்புக்கோ இன்றே கடைசி நாள்.

"அரை மணி நேர வேலைக்கு விதியாம், மண்ணாங்கட்டியாம். நான் வர்றதுக்குள்ள டீயக் காலி பண்ணிடாதக்கா," என்று சொல்லிவிட்டு ரூரி இறங்கினான். அவளும் தடுக்காமல் விட்டாளே!

அவனிடம் நாற்பது நிமிடக் காற்று இருந்தது. மூடுபனி படகின் மூக்கை விழுங்கியிருக்க, கரையில் அழுகும் பாசியின் நெடி தொண்டையில் ஒட்ட, பலகையில் தண்ணீர் தட்டுவதையும் எங்கோ ஒரு கடல்நாய் முனகி நிறுத்துவதையும் கேட்டபடி, அவன் மூச்சுக் குமிழிகள் வெடிக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இன்னொரு இடத்திலும் குமிழிகள் வெடித்தன.

சேற்றிலிருந்து கிளம்பும் வாயு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவையும் மூச்சுப்போலவே விட்டு விட்டு வந்தன. மெல்ல முதலாவதை நோக்கி நகர்ந்தன. பக்கத்தில் வந்தன. இரண்டு இடத்திலும் குமிழிகள் நின்றுபோயின.

நான்கு முறை இழுத்தாள். மூன்றாவது இழுப்பிலேயே பதில் வந்தது. ஒன்று. 'நலம்.'

இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். பாறையில் கட்டியதுபோல் கயிறு அசையவில்லை. கடிகாரத்தில் முப்பத்தெட்டாவது நிமிடம்.

முதுகுக்குப் பின்னால் ஏணி கிரீச்சிட்டது. ரூரி ஏறி வந்து, முகமூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

"பாவி! என் உசுரே போயிடுச்சுடா!" அவன் தோளில் அடித்துக்கொண்டே அழுதாள்.

"கயிறு பாசியில சிக்கிடுச்சுக்கா. அறுத்துட்டு வந்துட்டேன்."

அப்படியானால் நீரோட்டம்தான் இத்தனை நேரம் கயிற்றோடு விளையாடியிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

கையிலிருந்த கயிறு இழுபட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"விட்டுடுக்கா," என்றான் அமைதியாக.

மறுபடியும் நான்கு. இம்முறை வெறி பிடித்தாற்போல.

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தக் குளிரில் அவள் மூச்சு வெண்புகையாக இருவருக்கும் நடுவே மிதந்தது. அவன் வாய் திறந்துதான் இருந்தது. புகை வரவில்லை.

கயிறு. ஒன்று. இரண்டு. மூன்று, மிக மெதுவாக.

அவன் முன்னால் குனிந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து பிரிக்கத் தொடங்கினான்.