பழகு வாரம்

புதன்கிழமை முழுக்க அவர் படுக்கையை விட்டு இறங்கவில்லை. நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல். சிறுநீருக்குக்கூட கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் குப்பிதான். ஆனால் ஆய்வுக்காரப் பெண் நீட்டிய தாளில், புதன்கிழமைக்கு நேராக, நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அடிகள் என்று அச்சாகியிருந்தது.

"பின்னிட்டீங்க ஐயா," என்றாள் அவள். "எழுபத்து மூணு வயசுல இந்த வேகமா! எங்க டாக்டர் உங்க கோடு ஏறுறதப் பாத்துட்டு, இவரு வயச யாராவது தப்பா எழுதிட்டீங்களான்னு கேட்டாரு."

அவர் சிரித்து வைத்தார். பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வந்தது, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதியே காலம் தள்ளியவர். தாளில் ஒரு தப்பைப் பார்த்தால் கை அரிக்கும். அன்று அரிக்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாள்தான் அவரை வீட்டில் வைத்திருந்தது. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். தூரத்து ஊரில் வேலை பார்க்கும் மகன் தொலைபேசியில் ஒரே போடாகப் போட்டிருந்தான். "இந்த நடை ஆய்வுல சேருங்கப்பா. ரிப்போர்ட் நல்லா வர்ற வரைக்கும் உங்க வீடு, உங்க இஷ்டம். கோட்டுக்குக் கீழ போச்சுன்னா முதியோர் ஹோம்தான். அப்புறம் என்கிட்ட அழக்கூடாது."

ஹோம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கூட வேலை பார்த்த கண்டக்டர் ஒருவரைப் பார்க்கப் போயிருக்கிறார். பினாயில் நாற்றம், வேகவைத்த காய்கறி நாற்றம், இரண்டுக்கும் அடியில் இன்னொன்று. சாய்ந்து விழாமலிருக்க கண்டக்டரைத் துண்டால் நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் தொண்டை கிழியக் கத்திய மனிதர், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் கையைப் பிடித்து ரகசியமாகக் கேட்டார்: "வண்டிய எப்ப எடுக்கிறாங்க?"

ஆய்வு எளிமையானதுதான். தனியாக வாழும் எழுபது வயது கடந்தவர்கள் வீட்டுக்குள் எவ்வளவு நடக்கிறார்கள், எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று ஆறு மாதம் அளப்பது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருந்த நீளமான காரிடாரில், இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று என்று, முழங்கால் உயரத்தில் இரண்டு வெள்ளைப் பெட்டிகளை ஒட்டியிருந்தார்கள். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும்.

"நடந்து காட்ட வேண்டாமா?" என்று முதல் நாளே கேட்டார்.

"வேண்டவே வேண்டாம் ஐயா. நாங்க பாத்தா எல்லாரும் நெஞ்ச நிமித்திக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி நடப்பாங்க. கேட்டா, ஒண்ணு பெருமையடிப்பாங்க, இல்ல புலம்புவாங்க. அதான் கண்ணால பாக்கறதும் இல்ல, வாயால கேக்கறதும் இல்ல. பெட்டி சொல்றதுதான் கணக்கு. மொத ஏழு நாள் பழகு வாரம். அது உங்க நடையக் கத்துக்கும். அந்த ஒரு வாரம் மட்டும் காரிடார்ல வேற யாரும் நடக்காமப் பாத்துக்கோங்க."

அந்த ஒரு வாரம்தான் அவர் தம்பியை நடக்க விட்டார்.

தம்பி ஓய்வுபெற்ற தபால்காரர். நான்கு வயது இளையவர். சின்ன வயதிலிருந்தே வீட்டில் காத்தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். நின்ற இடத்தில் நிற்காத கால். அண்ணனைப் பார்க்க வந்திருந்தவரிடம் இவர் தன் முழங்காலைக் காட்டிப் புலம்பினார். சுவரைப் பிடித்துக்கொண்டு காரிடாரைக் கடப்பதற்குள் வேர்த்துவிடுகிறது என்றார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க?" என்று சிரித்தார் காத்தாடி. "நீ ஒக்காரு அண்ணே. ஊருக்கெல்லாம் நடந்தவன், உனக்காக நடக்க மாட்டனா?"

ஏழு நாளும் இவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கூடத்து சோபாவில் படுத்து, காரிடார் பக்கமே போகவில்லை. தம்பி நடந்தார். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, பித்தவெடிப்புக் களிம்பு தடவிய வெறுங்காலோடு, வலது குதிங்கால் தரையில் ஒரு பொட்டு அழுத்தமாக விழ, திரும்பும் இடத்தில் உள்ளங்கால் 'சர்ர்' என்று தேய. சோறு ஆறிப்போனாலும் நடந்தார். இவர்தான் "இன்னும் ஒரு அம்பது" என்று ஏவிக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் காலை தம்பி ஊருக்குப் போனார். படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அதெல்லாம் நடந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. தொடக்கத்தில் எண் பெரிதாக இருந்தால் பின்னால் குறைந்தாலும் தாங்கும் என்பது மட்டும்தான் இவர் போட்ட கணக்கு. எண் குறையவே இல்லை. இயந்திரம் முட்டாள், நல்லதாகப் போயிற்று என்று இருந்தார். இந்தப் புதன்கிழமை வரைக்கும்.

அந்தப் பெண் கிளம்பும்போது, சும்மா கேட்பதுபோல் கேட்டார். "ஏம்மா, நீ நடக்கறதையும் இது என் பேர்ல எழுதிடுமா?"

"அதெப்படி எழுதும்? பழகின காலத் தவிர வேற எதையும் எண்ணாது. பாருங்க." அவள் காரிடாரில் போய்த் திரும்பி வந்தாள். பெட்டிகள் செத்த பல்லிபோல் கிடந்தன. "உங்க கால்னா ஒவ்வொரு அடிக்கும் பச்சையா ஒரு பொட்டு மின்னும்."

அவள் போன பிறகு அவர் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் பெட்டியைப் பார்த்தபடி, அந்த முனைவரை போனார். மின்னவில்லை. திரும்பி வந்தார். மின்னவில்லை. இந்த வீட்டில் இரண்டு மாதமாக அவர் வைத்த ஒரு அடிகூட எண்ணப்படவில்லை.

அப்படியென்றால் எண்ணப்பட்டது யாருடைய அடி?

நாற்காலியைக் காரிடாரின் வாயில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மதியம். ஜன்னல் கண்ணாடி வழியே வெயில் காரிடாரின் பாதிவரை விரிந்து கிடந்தது. அதற்கப்பால் படுக்கையறைக் கதவின் பழுப்பு நிழல். பக்கத்து வீட்டில் குக்கர் ஒருமுறை கூவி அடங்கியது. குளிர்பெட்டி உறுமி, நடுங்கி, நின்றது. அது நின்றதும்தான் வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்பது காதில் ஏறியது. சரியாக மூடாத குழாயிலிருந்து சொட்டு விழப்போவதற்கு முந்தைய அமைதிபோல, எதையோ பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் அமைதி. இரண்டரை மணி ஆகி நான்கு நிமிடம் இருக்கும். அந்த முனைப் பெட்டியில் ஒரு பச்சைப் பொட்டு மின்னியது.

இன்னொன்று. இன்னொன்று.

பிறகு இந்த முனைப் பெட்டி. சீராக, தளராமல். வெயிலில் மிதந்த தூசி மட்டும் ஓரிடத்தில் ஒதுங்கி வழிவிட்டது. அவர் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத அந்த நடை நின்றது. திரும்பியது. விலகிப் போனது. கை தானாக மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தது. போக ஒன்பது நொடி. வர ஒன்பது நொடி. எந்த வண்டியும் இப்படி நேரம் தவறாமல் ஓடி அவர் பார்த்ததில்லை.

மூன்று நாள் வெளிச்சம் மட்டும். நான்காம் நாள் சத்தம் வந்தது. வெறுங்கால் சத்தம், வலது குதிங்கால் ஒரு பொட்டு அழுத்தமாக. படுக்கையறைக் கதவருகே 'சர்ர்'. அதன் பின்னால் மெல்ல, பித்தவெடிப்புக் களிம்பின் மெழுகு வாசனை.

அவர் தம்பியைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தெரிந்துவிடும் என்று பயந்தார். ஆனால் அன்று மாலை தம்பி மனைவியே கூப்பிட்டாள்.

"மாமா, உங்களக் கவலப்படுத்த வேணாம்னுதான் இத்தன நாள் சொல்லல. இவருக்குக் கால் விழுந்துடுச்சு. உங்க வீட்லருந்து வந்து எறங்குனவரு வாசப்படியிலயே ஒக்காந்துட்டாரு. அன்னியிலருந்து கட்டில்தான். பாக்காத டாக்டர் இல்ல. நரம்புல ஒண்ணும் இல்ல, எலும்புல ஒண்ணும் இல்லங்கறாங்க."

"வயசாகுதில்லம்மா," என்றார் அவர்.

"ஆனா வலிக்குதுன்னு கத்துறாரு. இருங்க, உங்ககிட்ட பேசணுமாம்."

காதில் மூச்சு இரைத்தது. மேடு ஏறுகிற மனிதனின் மூச்சு.

"அண்ணே." ஒரு மூச்சு. "அத ஒக்காரச் சொல்லு அண்ணே."

"எத?"

"உனக்குத் தெரியும். ராத்திரி பகல் நடக்குது. நான் இங்க படுத்திருக்கேன், தரை அங்க கால்ல படுது. உன் வீட்டுத் தரை. நாலாவது கல்லு ஒடஞ்சிருக்குல்ல, அது ஒவ்வொரு தடவையும் குத்துது." அழுகையா இரைப்பா என்று தெரியவில்லை. "ஒரு நிமிஷம் ஒக்காந்தா போதும். நீ சொன்னாத்தான் கேக்கும். நீதான நடக்கச் சொன்ன?"

காரிடாரில் குதிங்கால்கள் போய்க்கொண்டிருந்தன. தொலைபேசியிலும் அதே தாளத்தில் தம்பி முனகினார். போக ஒன்பது. வர ஒன்பது.

"உனக்கு ஜுரம்டா. தூங்கு," என்று சொல்லிவிட்டு இவர் வைத்துவிட்டார்.

வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. சொல்லிவிட வேண்டியதுதான் என்று அன்றைக்கு உண்மையாகவே முடிவு செய்தார். அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தபோது, நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் தொலைபேசித் திரையில் மகனையும் கூட்டி வந்திருந்தாள்.

"ஐயா, நல்ல சேதி. உங்கள மாதிரி நடக்கறவங்களுக்கு மட்டும் ஆய்வ அஞ்சு வருஷத்துக்கு நீட்டிக்கிறாங்க. சம்மதம்னா இங்க ஒரு கையெழுத்து. வேண்டாம்னா இந்தத் தாள்ல. பெட்டிய இப்பவே கழட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

"கழட்டிட்டா?"

"கழட்டிட்டா எண்ண ஒண்ணும் இல்ல. எல்லாம் நின்னுடும்."

நின்றுவிடும். அதைத்தானே தம்பி கேட்டான்.

"அப்பா," என்றான் திரையில் மகன், "அஞ்சு வருஷம்னா அஞ்சு வருஷம் நான் ஹோம் பேச்சே எடுக்க மாட்டேன். வேண்டாம்னா சொல்லுங்க, திங்கட்கிழமையே ஒரு ரூம் காலியாகுது. யாரோ போயிட்டாராம்."

துண்டு. நாற்காலி. வண்டிய எப்ப எடுக்கிறாங்க.

ஒரு கணம்தான் யோசித்தார். தம்பிக்கு மனைவி இருக்கிறாள். எடுக்க, துடைக்க, பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறது. எனக்கு யார் இருக்கிறார்கள்? இப்படி நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே தன்மீது இரக்கம் வந்தது, கண்கூடக் கலங்கியது. கையெழுத்து நடுங்காமல் விழுந்தது.

"சூப்பர் ஐயா," என்றாள் அவள். போகிற போக்கில் தன் தொடுதிரைப் பலகையில் ஏதோ தட்டினாள். "இனிமே இலக்கு கொஞ்சம் கூட. தினம் எட்டாயிரம்."

கதவு சாத்தியதும் சத்தம் தொடங்கியது.

நடை இல்லை. ஓட்டம்.

ஆறு நொடி. ஆறு நொடி. ஐந்து. திரும்பும் இடத்தில் 'சர்ர்' இல்லை, ஈரத்துணியைத் தரையில் அறைவதுபோல் ஒரு சத்தம். களிம்பின் வாசனைக்குள் வேறொன்று கலந்திருந்தது. இரும்பு வாசனை. அவர் நாற்காலியை விட்டு எழப் பார்த்தார். முழங்கால் மடங்கிக்கொண்டது. இரண்டு மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்.

"மாமா." தம்பி மனைவியின் குரல் அழவில்லை. அழுவதைத் தாண்டிய குரல். "இவரு போயிட்டாரு மாமா. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. ஒரு மணி நேரம் ஆச்சு."

அவருக்கு முதலில் வந்தது ஆறுதல். அதை அவரால் மறைக்க முடியவில்லை. மூச்சாக வெளியே வந்துவிட்டது. பாவம், இனி வலிக்காது. இனி இங்கேயும்—

"ஆனா மாமா..." பின்னால் யாரோ கதவை அறைந்து வெளியே ஓடினார்கள். "காலு நிக்கலியே மாமா. போத்தி வெச்சிருக்கோம். துணிக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. நாலு பேரு புடிச்சும் நிக்கல. உள்ளங்கால்ல தோலே இல்ல மாமா. என்ன மாமா இது? யாருக்காக ஓடுறாரு?"

தொலைபேசி மடியில் விழுந்தது.

காரிடாரில் மாலை வெயில். தரையில் ஈரத் தடங்கள். சிவப்பு. ஒன்றின் மேல் ஒன்றாக, போகிற தடம், வருகிற தடம். பெட்டி மின்னவில்லை, பச்சை நிறுத்தாமல் எரிந்தது. அதன் வெளிச்சத்தில் இப்போது தெரிந்தன. முழங்கால்வரை இரண்டு கால்கள். அதற்கு மேல் எதுவும் இல்லை. அவை அந்த முனையில் திரும்பின. இந்தப் பக்கமாக வந்தன.

மடியில் கிடந்த தொலைபேசிக்குள் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "சொல்லுங்க மாமா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். ஐந்து வருடம். மூடிக்கொண்டார்.

வழியில் நீட்டியிருந்த தன் கால்களை மெல்லத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டு, ஓடிவந்த அந்தக் கால்களுக்குத் திரும்ப இடம் விட்டார்.