விருந்தாளி அடுப்பு

அன்று சாயங்காலம் அம்சவள்ளி டீயைக் கண்ணாடி கிளாஸில் கொண்டுவந்து வைத்தாள். சுப்புராயனுக்கு அது உறுத்தியது. கல்யாணமான நாள் முதல் அவருக்கு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர்தான். கண்ணாடி கிளாஸ் விருந்தாளிக்கு.

கிளாஸை எடுத்துக் குடித்தார். கொஞ்ச காலமாகவே அவளுக்கு மறதி. சோறு கருகினாலும் வாசனை தெரிவதில்லை. "வயசும் இருக்குங்க. ஆனா இத்தினி வருஷமா அடுப்புப் புகையிலயே கெடந்திருக்காங்க. அது நெஞ்சுக்கு மட்டுமில்ல, மூளைக்கும் ஆகாது" என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொன்னபோது சுப்புராயன் பார்வை தரைக்குப் போனது.

கண் எரிகிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், விறகில் வெந்தால்தான் சோறு என்றவர் அவர். காற்றடித்தால் அடுப்பு அணைந்துவிடும் என்று சமையற்கட்டுக்கு ஜன்னல் வைக்காதவரும் அவர்தான். கேஸ் அடுப்பு வந்தது. விருந்தாளிக்கு டீ போட மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி, புகை பட்டுக் கறுத்துவிடுமே என்று கூடத்து மேசைமேல் துண்டு போட்டு மூடிவைத்தார். அடுப்புமேல் இருந்த அக்கறை பெண்டாட்டிமேல் இல்லை. நல்ல மனுஷன்!

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. தகரக் கூரைமேல் மழை இரைய, ஈரக் கரும்புச் சோகையின் புகை சமையற்கட்டிலிருந்து தரையோடு ஊர்ந்து வந்து, கூடத்துக் கட்டிலில் கிடந்த சுப்புராயனின் மாவுக்கட்டுப் போட்ட காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. அடுப்பு வெளிச்சத்தில் அவள் நிழல் சுவரில் போவதும் வருவதுமாக இருந்தது. பிறகு கூடத்துக்கு வந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினாள்.

"சாரல் அடிக்குதுண்ணே."

அண்ணே. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்சா, நான் யாருன்னு தெரியுதா?"

"தியாகதுருகத்துலருந்து வந்திருக்கீங்க இல்ல? எங்க வூட்டுக்காரரு கழனியாண்ட போயிருக்காரு. வந்துருவாரு. இருங்க, டீ போடறேன்."

குடித்த கிளாஸ் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"நான்தான்டி உன் வூட்டுக்காரன்!"

அவள் வெட்கத்தோடு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "இன்னாண்ணே இப்படிப் பேசறீங்க? விறகு அடுப்புல டீ போட்டுக் குடுத்தா அவரு என்னைத் திட்டுவாரு."

துண்டை எடுத்தாள். மடித்து வைத்தாள். குமிழைத் திருகினாள்.

ஸ்ஸ்ஸ்.

"வத்திப்பெட்டிய எங்க வச்சேன்?"

"மூடுடி! கேஸ் போவுது!"

"கூச்சப்படாதீங்கண்ணே."

"நாத்தம் அடிக்கல உனக்கு?"

அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலியே."

தேடிக்கொண்டே சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். அவர் கத்தினார். மழையில் அது வாசலைக்கூடத் தாண்டவில்லை. எழுந்தார். கால் நிற்கவில்லை. விழுந்தார். கையை ஊன்றி ஊர்ந்தார். மேசைக்கால் கைக்கு வந்தது. குமிழ் எட்டவில்லை. கத்தப் போனார்; கேஸ் நெடியில் இருமல்தான் வந்தது.

ஸ்ஸ்ஸ்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வத்திப்பெட்டி எதுக்கு? அடுப்புலயே நெருப்பு இருக்குதே."

சுவரில் நிழல் எழுந்தது. பெரிதானது. கொழுந்து விட்டெரியும் விறகை ஒரு கையில் பிடித்து, அணைந்துவிடாமல் மறு கையால் மறைத்தபடி, அம்சவள்ளி சமையற்கட்டு வாசற்படி தாண்டி வந்தாள். தரையில் கிடந்தவரைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"தள்ளிக்குங்கண்ணே. கண்ணுல புகை படப்போவுது."